சிவப்புக்குச் சிவப்பு

பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் ஸ்பீக்கர் ஒயரைத் தொட்டார், தானாகவே உதவ வந்த ரேடியோ மெக்கானிக். மாட்டி முடித்ததும், "இனி ஒயர்ல கை வைக்காதீங்க சார். ஷார்ட்டாகி ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவன் பாட்டைப் போட்டான். பாட்டு கேட்டது, நெஞ்சை அதிரவைக்கும் 'டம் டம்' மட்டும் காணோம். ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தான்.

மனைவி இரண்டு ஸ்பீக்கருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுல மட்டும் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருக்குங்க."

"இருபது வருஷ அனுபவம்னாரே! இதுல போய்க் கோட்டை விடுவாரா?"

குழப்பத்தோடே பிளக்கைப் பிடுங்கி, ஒயரை மாற்றி, மறுபடி போட்டான். தரையே அதிர்ந்தது.

உடனே கீழ்வீட்டிலிருந்து யாரோ கம்பால் டொக் டொக்கென்று இடித்தார்கள். கூடவே மெக்கானிக்கின் குரல் கேட்டது.

"சார்! ஒயர்ல கை வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"