தலைக்கறி யாருக்கு?

"இந்த வருஷம் தலைக்கறியும் ஈரலும் எனக்கு வேணும்ணே."

மகேந்திரன் இப்படிக் கேட்டதும் கோயில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

கோலா சாவா எஸ்டேட்டில் முனியாண்டிக்குக் கிடா வெட்டினால், தலைக்கறியும் ஈரலும் கோயில் தலைவருக்குத்தான். அவர் எல்லார் முன்னாலும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும். பதினெட்டு வருஷமாக அந்த மரியாதை திருச்செல்வத்துக்கு. செண்டாயான் பக்கம் ஃபேக்டரி வேலை பார்க்கிற மகேந்திரனோ, போன மாசம்தான் கமிட்டிக்குள் வந்த ஆள். நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்.

உள்ளதைச் சொன்னால், 'எடுத்துக்கப்பா, நீ நல்லா இருப்பே' என்று சொல்லத்தான் திருச்செல்வத்துக்கு வாய் வந்தது.

போன வாரம் கிளினிக்கில் டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். "அங்கிள், யூரிக் ஆசிட் ரொம்ப ஏறிக் கிடக்கு. கால் வீக்கத்தோட போயிடும்னு நினைக்காதீங்க. எழுபது வயசாச்சு, பிரஷரும் இருக்கு. ஹார்ட்டுக்கும் ஆபத்து. ஈரல், தலைக்கறி பக்கமே போகாதீங்க."

அதைப் பெண்டாட்டி மாதவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. வெளியே தெரிந்தால், 'அண்ணன் ரெஸ்ட் எடுக்கட்டும்லா' என்று பதவியை உருவிவிட மாட்டார்களா?

"ஏம்ப்பா, தலைவர் நீயா நானா?" என்றார் விறைப்பாக.

"நீங்கதாண்ணே. கறி மட்டும் எனக்குக் கொடுங்க. ஆசையா இருக்கு. ஒரே ஒரு வருஷம்லா."

"கறிக்கு இப்படி அலையிறானே, தூ" என்றது கூட்டம். ஆளுக்கு ஆள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மகேந்திரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

திருச்செல்வம் ஜெயித்த முகத்தோடு இலை முன்னால் உட்கார்ந்தார். காலை மடக்கியதும் பெருவிரல் விண்ணென்று தெறித்தது. முதல் ஈரல் துண்டை வாயில் வைத்தபோது நெஞ்சு படபடத்தது.

"தலைவருக்கு இன்னும் ரெண்டு கரண்டி வைப்பா" என்றார் ஒருவர்.

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

மகேந்திரன் மறுபடியும் பக்கத்தில் வந்து குனிந்தார். "போதும்ணே. மிச்சத்தை எனக்குக் கொடுத்துடுங்க."

"எச்சில் இலைக்கே வந்துட்டான்டா" என்று யாரோ சொல்ல, கொட்டகை முழுக்கச் சிரிப்பு. திருச்செல்வம் வீம்புக்கு இலையை வழித்துச் சாப்பிட்டார்.

கை கழுவுகிற இடத்தில் மாதவி நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் தின்னாச்சா?"

"பின்னே, என் மரியாதையை அந்தப் பயலுக்கு விட்டுக் கொடுக்கச் சொல்றியா?"

"உங்க கிளினிக் காகிதத்தை நான் முந்தாநாளே பார்த்துட்டேங்க. சொன்னா கேக்கற ஆளா நீங்க? அதான் மகேந்திரன் தம்பிகிட்ட போய் அழுதேன். 'உடம்பு விஷயம் வெளிய வேணாம் அண்ணி, அண்ணன் பதவி போயிடும். நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டுடறேன், பழி என்மேல வரட்டும்'னு சொல்லுச்சு."

திருச்செல்வம் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மகேந்திரன் தனியாக மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

மாதவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தம்பி சுத்த சைவங்க. பத்து வருஷமா முட்டைகூடத் தொட்டதில்ல."