வேகாத சோறு

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் லாஸ்மினியின் கொல்லைக்குள் நுழைந்தாள்.

அங்கே எல்லாப் பெண்களிடமும் கத்தி இருந்தது.

அந்த ஜாவா கிராமத்தில் கல்யாண வீட்டுச் சமையலுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அவரவர் கத்தியோடு போய் உட்கார்ந்துவிட வேண்டும். பகை இருந்தாலும் போக வேண்டும். போகாதவள் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தியும் வரமாட்டாள்.

அவள் அதற்காக வரவில்லை. தண்ணீருக்காக வந்தாள்.

மேல் வயல் லாஸ்மினியுடையது. கீழ் வயல் அவளுடையது. போன போகம் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் லாஸ்மினியின் புருஷன் மடையை அடைத்துவிட்டான். அவள் அறுத்ததெல்லாம் பதர். மடை இன்னும் திறக்கவில்லை. புது நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சொன்ன வேலையெல்லாம் செய்துவிட்டு, புறப்படும்போது மெல்லக் கேட்டுப் பார்க்கலாம் என்றிருந்தாள்.

பாயில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

மண்தரையில் உட்கார்ந்தாள். யாரோ பலாக்காய்க் கூடையை அவள் பக்கம் காலால் தள்ளினார்கள். பிசின் பிடித்த வேலை.

"வரப்புல நின்னு அன்னிக்கு என்ன கத்து கத்தினா. இன்னிக்குக் காய் நறுக்க வந்துட்டா பாரு."

"கோழி வறுக்கிற வாசனை கீழ் வயல் வரைக்கும் போயிருக்கும்."

சிரித்தார்கள். அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. முன்பெல்லாம் யூ காஸ்மி என்பார்கள். அவர்கள் பேச்சில் யூ என்றால் அக்கா.

ஒரு குழந்தை மட்டும் அவளிடம் வந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளின் மகள். நடை பழகும் வயது. மடியில் ஏறி உட்கார்ந்து, அவள் விரலில் ஒட்டியிருந்த பிசினை இழுத்து இழுத்துப் பார்த்தது. தாய் ஒருமுறை திரும்பினாள். துருவ இன்னும் நிறைய இருந்தது. விட்டுவிட்டாள்.

வெயில் ஏறியது.

சோறு வேகவில்லை.

செப்புப் பானையின் மேல் மூங்கில் கூடை. கூடைக்குள் அரிசி. அடியில் தீ நன்றாகத்தான் எரிந்தது. சோறு அவிக்கும் ருக்கெம் மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கினாள். நசுங்கவில்லை. விறகை உள்ளே தள்ளினாள். மறுபடி திறந்தாள். மறுபடி. கண்ணேறு படாமலிருக்க அடுப்பு மூலையில் ஈர்க்குச்சியில் குத்தியிருந்த மிளகாயைப் பிடுங்கிவிட்டு வேறொன்று குத்தினாள்.

கத்திச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

அவள் நிமிரவில்லை. அன்று வரப்பில் நின்று அவள் லாஸ்மினியைப் பார்த்துக் கத்தியது இங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

உன் வீட்டு அடுப்புல சோறு வேகாது.

கோபத்தில் வந்த சொல். அவ்வளவுதானா?

இருட்டில் தீப்பெட்டியைத் தடவுவதுபோல் தனக்குள் தேடிப் பார்த்தாள். இருந்தது. அந்தக் கோபம், போன போகத்தில் வைத்த இடத்திலேயே, துளியும் கரையாமல்.

நானா செய்தேன்?

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

லாஸ்மினி எதிரில் வந்து நின்றாள். மகளின் கல்யாணத்துக்குப் பூசிய பவுடர் வியர்வையில் கோடுகோடாக இறங்கியிருந்தது. வாசலில் விருந்தாளிகளின் மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன.

"நீ போட்டத நீயே எடு."

"நான் ஒண்ணும் போடல."

"எடுத்துட்டு நட. இல்லேன்னா உன் வீட்ல பொணம் விழுந்தாக்கூட இந்த ஊர்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க."

குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தாள். அடுப்பருகே போய் மூடியைத் தூக்கினாள். பிசின் ஒட்டிய கையை அரிசியின்மேல் வைத்தாள்.

சுட்டது. எடுக்கவில்லை.

வெந்துவிடு, என்றாள். குரல் வெளியே வரவில்லை. வெந்துவிடு, தாயே. வெறும் கெஞ்சல்.

அவள் உதடு அசைந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

மூடினாள். ருக்கெம் தணலைக் கிளறிவிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூடியின் விளிம்பில் ஆவி பீறிட்டது. ருக்கெம் பருக்கையை எடுத்தாள். விரலில் மாவாக ஒட்டியது.

அப்பாடா என்று அவள் மூச்சு விட்டாள். பிறகுதான் முகங்களைப் பார்த்தாள்.

வேகாதபோது அவர்களுக்கு இருந்தது வெறும் சந்தேகம்.

பாயில் இடம் விட்டார்கள். நாலு பேர் உட்காரலாம். அவள் உட்கார்ந்ததும் குழந்தை மறுபடி மடியேறியது.

லாஸ்மினி தட்டோடு வந்தாள். விருந்தாளிகளுக்கு முன்னால் அவளுக்கு. மேலே கோழித் தொடை. முழங்காலிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சாப்பிடு யூ. எம்பொண்ணுக்கு மட்டும் ஒண்ணும் ஆயிடக் கூடாது யூ."

நான் ஒன்றும் செய்யவில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் மறுபடி மண்தரை. மறுபடி மஞ்சள் நாற்று.

"மடையைத் திறக்கச் சொல்லு," என்றாள்.

மணப்பெண்ணின் தகப்பன் புது பாத்திக் சட்டையோடு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேல் வயலுக்கு ஓடினான். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அவள் சோற்றைப் பிசைந்தாள். சின்னதாக உருட்டி, ஊதி, குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

தேங்காய் துருவியவள் எழுந்து வந்தாள்.

"உங்களத் தொந்தரவு பண்றா, யூ."

அவ்வளவு பணிவாக அந்தத் தாய் அதற்குமுன் பேசியதே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

பிறகு உருண்டையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

சோறு பதமாக வெந்திருந்தது.