வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால்

மாசமாக இருக்கும் மனைவியோடு, எல்லை தாண்டி முதல் முறையாக மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, காபியை வாங்கும்போதே மூக்கைப் பொத்தினார்.

“எல்லாம் உங்க நாட்டுப் புகை, மாப்ளே!” என்று இருமினார் மாமனார். “போதாக்குறைக்கு, அங்கேருந்து எவனோ கட்டையில போறவன் டேங்கர்ல கெமிக்கலைக் கொண்டாந்து பின்னாடி வாய்க்கால்ல கொட்டுறான்.”

மாப்பிள்ளைக்குக் காபி புரையேறியது.

“எங்க வீட்டுப் பின்னாடியும் அதே கதைதாம்ப்பா,” என்றாள் மகள். “இந்த நாட்டு டேங்கர்தான் வந்து கொட்டுது. எனக்கு வாந்தி மசக்கையாலயா, நாத்தத்தாலயான்னே தெரியல.”

இப்போது மாமனாருக்குப் புரையேறியது.

மகள் உள்ளே போனதும் அவர் கிசுகிசுத்தார்.

“மாப்ளே, இனிமே நீங்க உங்க நாட்டுலயே கொட்டுங்க. நான் எங்க நாட்டுலயே கொட்டிக்கறேன்.”

“ஐயோ மாமா, சொந்த ஊர்ல கொட்டினா ஜனங்க உதைக்க மாட்டாங்களா?”