பிரெஞ்சுக்காரியின் பெட்டி

குளியலறைக் கதவை அவன் காலால் உதைத்தான். உள்ளே யோகமலர் கண்ணாடிக்கு முன்னால் நின்று இமைக்கு ஊதா நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"சோடினை இன்னும் முடியேல்லையோ? பிரெஞ்சுக்காரியெண்ட நினைப்போ உனக்கு?" என்றான் அவள் புருஷன் சச்சிதானந்தன்.

அவள் தூரிகையை உயர்த்தும்போதெல்லாம் விலாவில் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, இமையிலிருந்து கன்னத்துக்கு நிறத்தை மெல்ல இழுத்தாள்.

ஒப்பனைப் பெட்டி பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி ஒடில் கொடுத்தது. மொன்றியலில் பிரெஞ்சுப் பட நடிகைகளுக்கு முகம் எழுதியவள் அவள். படத்தில் ஒருத்தி எப்படித் தெரியவேண்டுமோ அப்படித் தெரிய வைப்பதுதான் தன் தொழில் என்று அரைகுறை இங்கிலீசிலும் கைச்சாடையிலும் சொல்லுவாள். எண்பத்தாறாம் ஆண்டுப் பனிக்காலம் முழுக்க, புருஷன் வேலைக்குப் போன மத்தியானங்களில், யோகமலர் அவளோடு இருந்து அந்தக் கைப்பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பாரிஸ் சென்ற் போத்தல் ஒன்றையும் ஒடில் கொடுத்திருந்தாள். இன்றைக்கு வினையானது அந்த வாசம்தான்.

வேலையால் வந்தவன் வாசலிலேயே மோந்து பார்த்தான். "ஆருக்குப் பூசினனி?" என்று கேட்டுப் போத்தலைச் சுவரில் எறிந்து நொறுக்கினான். பிறகு ஈரத் துவாயில் சவர்க்காரக் கட்டியை வைத்து முடிந்துகொண்டு வந்தான். பத்து அடி வரைக்கும் அவள் எண்ணினாள். அதற்குப் பிறகு எண்ணவில்லை. அவன் மூச்சு வாங்கி நின்ற இடைவெளியில்தான் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். வீடெல்லாம் பிரெஞ்சு மல்லிகை மணத்தது.

போன மாதமும் சத்தம் கேட்டு ஒடில்தான் பொலிசைக் கூப்பிட்டாள். வந்த இரண்டு பேரும் ஆம்பிளைகள். யோகமலர் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். அவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவன் பேசிய இங்கிலீசைக் கேட்டார்கள், போய்விட்டார்கள்.

போன கையோடு அவன் அவளைப் பல்கணிக்கு இழுத்துப் போனான். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியின் பதினைந்தாம் மாடி அது. பிடரியில் பிடித்து இடுப்பு வரைக்கும் கம்பிக்கு வெளியே சரித்தான்.

"இன்னொருக்கா பொலிஸ் வந்திட்டுப் போச்செண்டா, நீ இதாலைதான் போவாய்" என்றான், குரலை உயர்த்தாமல்.

கோபத்தில் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னதைச் செய்கிறவன் அவன்.

இன்றைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒடில் போன் எடுத்திருப்பாள். பொலிஸ் வரும். வெறுங்கையோடு திரும்பிப் போனால், அடுத்தது பல்கணிதான்.

வெளிக்கதவில் தட்டிக் கேட்டது. யோகமலர் ஒரு கண்ணோடு நிறுத்திப் பெட்டியை மூடினாள். மற்றக் கண்ணைத் தொடவில்லை.

சச்சிதானந்தன் துவாயைச் சோபாவுக்குப் பின்னால் எறிந்தான். தலையைக் கோதிக்கொண்டு சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தான். போன மாதம் வந்த அதே இருவர். குடும்பத்துக்குள் சின்ன மனஸ்தாபம், போத்தல் கைதவறி விழுந்துவிட்டது என்று இங்கிலீசில் சொல்லிக்கொண்டு போனான். நெட்டைப் பொலிஸ்காரன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

குளியலறைக் கதவு திறந்தது.

நெட்டையன் தலையாட்டுவதை நிறுத்தினான். அவன் கை இடுப்பிலிருந்த விலங்குக்குப் போனது.

சச்சிதானந்தன் திரும்பிப் பார்த்தான். மனைவியின் இடது கண்ணைச் சுற்றி ஊதாவும் கறுப்புமாய், கன்னம் வரைக்கும் இரத்தம் கன்றிக் கிடந்தது. அவன் வாய் பிளந்தான். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. தன்னை ஒருமுறை காப்பாற்றிய அதே இங்கிலீசில், அவர்களுக்கு நன்றாக விளங்கும்படி கத்தினான்:

"முகத்திலை நான் ஒருநாளும் அடிக்கிறேல்லை, சேர்."