கோட்டையிலிருந்து இறங்கியவள்

ஹார்லெம் நகரத்தில், ஏணி போன்ற படிகளில் மூச்சிரைக்க முதல்முறையாக அந்த மாடியறைக்கு ஏறி வந்தார் பதிப்பாளர் கூன்ராட். ஓவியன் யோரிஸ் நாற்காலியை விட்டு எழவில்லை. திமிர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

படம் அச்சிடுவதற்கான அச்சுக்கல்லில் யோரிஸ் வரைந்திருந்தது பழைய காலத்துக் கதை. கோட்டையை வளைத்த எதிரிகள் அங்கிருந்த சீமாட்டியிடம், "சுமக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போ" என்கிறார்கள். அவள் தன் கணவனையே முதுகில் சுமந்துகொண்டு படியிறங்கி வெளியேறுகிறாள்.

"ஒரு பொம்பள ஆம்பளைய இப்படித் தூக்குவாளா? பாக்கறவன் சிரிப்பான்யா. கழுதை மேல ஏத்து!" கூன்ராட் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"தூக்குவாங்க ஐயா."

"எந்த ஊர்ல பாத்தே? மணிக்கட்டைப் பிடிச்சிருக்கா, பாதத்தைக் குறுக்கா வெச்சிருக்கா... எல்லாம் கற்பனை! சாயங்காலத்துக்குள்ள மாத்து. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

யோரிஸ் கரிக்கோலைக் கீழே வைத்தான்.

"சூப்பு ஆறிப்போகுது. ஐயாவும் வாங்க" என்றபடி மேலே வந்தாள் அவன் மனைவி ஹில்லே.

நாற்காலிக்கு முன்னால் திரும்பிக் குனிந்தாள். யோரிஸ் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவன் மணிக்கட்டுகளை இறுகப் பிடித்து, பாதத்தைக் குறுக்காக வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவனுடைய கால்கள் உயிரில்லாமல் ஆடின.

கூன்ராட் அச்சுக்கல்லைத் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு படிப்பக்கம் ஓடினார்.

"யோரிஸ்! கழுதை வேண்டாம்ப்பா!"