வாளியில் ஒரு வாரம்

“உங்கப்பாவுக்கு ரிட்டையர் ஆனதோட மூளையும் ரிட்டையர் ஆயிடுச்சு” என்று மாப்பிள்ளை தன் மனைவியிடம் சொன்னான். மாமனார் காதில் விழ வேண்டும் என்றேதான் சொன்னான். அவர் குளியலறையில் குந்தி உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் ஒரு பாறாங்கல்லைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

கல், ஹாலில் வைத்த புது மீன்தொட்டிக்கு. பாறை இடுக்கில் குடியிருக்கும் சிக்லிட் மீன்களை வாங்கி விடப்போகிறாராம். தொட்டியைப் பார்த்தால் ஓர் ஏரியின் அடிப்பக்கத்தை அப்படியே வெட்டி எடுத்து வந்ததுபோல் இருக்க வேண்டுமாம்.

“மணலைக் கொட்டிட்டு அது மேல கல்லை அடுக்கவேண்டியதுதானே மாமா? இதுக்குப் போயி இத்தனை ஆராய்ச்சியா?”

“இல்ல மாப்பிள்ளை, இதுங்க மணலைத் தோண்டிக்கிட்டே இருக்கும். கல்லு சரிஞ்சா கண்ணாடி போயிடும். அதனால கல்லுதான் முதல்ல அடியில உக்காரணும்.”

“ஆமா, ஒவ்வொண்ணும் கையில மண்வெட்டியோட வரும்.”

மாமனார் தனக்கென்று வாங்கிய சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டுதான் மாப்பிள்ளை இதைச் சொன்னான். வேறு வீடு பார்க்கும்வரை என்று வந்தவன். வீட்டோட மாப்பிள்ளை என்று யாராவது சொல்லிவிட்டால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வயசானவங்களுக்குத் துணையா இருக்கோம் என்பான்.

மாமனார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்மேல் கல்லாக அடுக்கி, குகை வைத்து, சந்து வைத்து, மணல் பரப்பி, பின்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டினார். மீன்களை விட்டபோது தொட்டி நிஜமாகவே அழகாக இருந்தது. மாப்பிள்ளைக்கு அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. “மீனெல்லாம் என்ன விலை?” என்று மட்டும் கேட்டான்.

அழகு நிலைக்கவில்லை. மஞ்சள் மீன் ஒன்று நடுக்குகையைப் பிடித்துக்கொண்டு, மொத்தத் தொட்டிக்கும் பட்டா போட்டுக்கொண்டது. மற்றவை மேல் மூலையில் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. ஒரு நீல மீனுக்கு வால் பாதி இல்லை. வீட்டில் அந்த மஞ்சள் மீனுக்கு ரவுடி என்று பெயர் வைத்தார்கள்.

ஒருநாள் மாலை இளைய மகள் போன் செய்தாள்; மாமனார் ஸ்பீக்கரில் போட்டார். ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள். பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வர அனுமதி கேட்கிறாளே என்று மாமனாருக்கு இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து பதில் வந்துவிட்டது.

“வந்தா எங்க படுப்பா? அவ ரூம்லதான் இப்ப என் மேஜை, கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு. போன தடவை வந்தப்ப நான் ஏதோ விளையாட்டா சொன்னதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனவதானே?”

“அப்புறமா கூப்பிடுறேன்மா” என்று மாமனார் போனை வைத்தார். வெகுநேரம் தொட்டி முன்னால் நின்றார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

“இந்த ரவுடியை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல மாப்பிள்ளை. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.”

மாப்பிள்ளைக்கு மனசு குளிர்ந்துபோனது. கொஞ்ச நேரம் கைபேசியைத் தடவிவிட்டு, பிறந்ததிலிருந்தே மீன் வளர்த்தவன் போல ஆரம்பித்தான்.

“இதுகூடத் தெரியாம தொட்டி வைக்க வந்துட்டீங்க. அதைப் பிடிச்சு ஒரு வாரம் தனியா வாளியில போடுங்க. அதுக்குள்ள உள்ள இருக்கிற கல்லையெல்லாம் இடம் மாத்திடுங்க. திரும்பி வந்து பாக்கறப்ப அதுக்குன்னு ஒரு இடமும் இருக்காது. புதுசா வந்த மீன் மாதிரி பொத்திக்கிட்டு இருக்கும்.”

“அவ்வளவு திமிரும் போயிடுமா?”

“திமிரே அந்த இடத்தாலதான் மாமா. இடத்தை மாத்துங்க, தானா அடங்கும்.”

மாமனார் சொன்னபடியே செய்தார். ரவுடி வாளிக்குப் போனது. காற்றுக் குழாய் போட்டு, வேளாவேளைக்குத் தீனியும் கொடுத்தார். தொட்டியில் குகை இருந்த இடத்தில் மணல்மேடு வந்தது, மணல் இருந்த இடத்தில் குகை வந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தபடியே கால் கட்டைவிரலால் இடம் காட்டினான்.

ஒரு வாரம் கழித்து ரவுடியைத் தொட்டியில் விட்டார்கள். அது நேராக நடுவுக்குப் போனது. தன் குகையைக் காணாமல் ஒரு சுற்று சுற்றியது. வால் அறுந்த நீல மீன் ஒரு புதுப் பொந்திலிருந்து வந்து எதிரே நிற்க, ரவுடி மெல்லப் பின்வாங்கிக் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கியது.

“பாத்தீங்களா?” மாப்பிள்ளை தொடையைத் தட்டிக்கொண்டான். “இனிமேலாவது எதுன்னாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க.”

“கேட்டுத்தான் செய்யறோம்” என்றார் மாமனார், ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி.

மாப்பிள்ளையின் மனைவி உள்ளேயிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நாற்காலி அருகே வைத்தாள். மூடியின் விளிம்பில் அவனுடைய கோடு போட்ட சட்டையின் நுனி வெளியே தெரிந்தது.

“இது எதுக்கு?” என்றான் அவன்.

மாமனார் வழக்கமான மரியாதையோடுதான் சொன்னார்.

“ஒரு வாரம் உங்க அம்மா வீட்ல இருந்துட்டு வாங்க மாப்பிள்ளை, அதுக்குள்ள நாங்க மேஜை, கட்டில் எல்லாத்தையும் இடம் மாத்திடறோம்.”