நாற்பத்தோராவது மூச்சு

"என் சக்களத்தி கூப்பிடுறா, எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கணும்," என்றாள் மனைவி.

மேஜையில் போன் அதிர்ந்து அதிர்ந்து பட்டாணிக் கிண்ணத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் மருத்துவமனையின் பெயர்.

அவள் மார்புக் கட்டியில் ஊசி குத்தி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பிப் பத்து நாள் ஆகிறது. கேலிக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் அவள் கை, காலியான பட்டாணித் தோலையே திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தது.

சோதனை முடிவைப் போனில் சொல்வது அங்கே டாக்டர்களுக்குப் பிடிக்காத வேலை. அதனால் ஒரு கணினிக் குரலை வாங்கிப் போட்டிருந்தார்கள். அதைச் செய்தவன் அவள் கணவன். மூன்று வருடம் அந்தக் குரலோடு குடும்பம் நடத்தியதால்தான் சக்களத்திப் பட்டம்.

முதலில் அது ரயில் தாமதத்தை அறிவிப்பதுபோல்தான் பேசியது. "உணர்ச்சி போதாது," என்றார் அவன் நிறுவன இயக்குநர். மகள் கல்யாணத்திலேயே பவர்பாயிண்ட் போட்டுக் காட்டியவர் அவர்.

பிறகுதான் அவனுக்கு மூச்சு தோன்றியது. முடிவைச் சொல்லுமுன் அரை வினாடி மூச்சு. அதற்குப் பின் மூன்று வினாடி மௌனம்.

நாற்பத்தோரு மூச்சுகளைப் பதிவு செய்தான். காவலாளியுடையது குறட்டையாக வந்தது. இயக்குநர் தாமே முன்வந்து அருளிய மூச்சில், அடுத்து ஒரு சொற்பொழிவு வரப்போகும் பயம் இருந்தது. கடைசியில் பொருந்தியது, லீவு கிடையாது என்று சொல்லுமுன் மனிதவள அதிகாரி அம்மாள் இழுத்த மூச்சு. அந்த அம்மாளுக்கு இன்றுவரை தெரியாது.

'இயந்திரத்துக்கு நுரையீரல் தந்தவர்' என்று விழா எடுத்துக் கேடயம் கொடுத்தார்கள். நுரையீரல் வடிவக் கேடயம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சிறுநீரகமா என்று கேட்கிறார்கள்.

பச்சைப் பொத்தான் விரலுக்கு வழுக்கியது. இரண்டாவது முறைதான் எடுக்க முடிந்தது.

குரல் வணக்கம் சொன்னது. அவள் பெயரைச் சொன்னது. பிறந்த தேதி கேட்டது, சொன்னாள். நன்றி என்றது.

ஸ்பீக்கரில் இருப்பதையே மறந்து, அவன் குனிந்து போனில் காதை வைத்தான். அவனுக்கு வார்த்தை தேவையில்லை. வார்த்தைக்கு முந்திய அந்த அரை வினாடி போதும்.

சன்னமாக, உள்ளே இழுக்கும் காற்று. பிறகு மௌனம்.

பத்து நாளில் முதன்முறையாக அவள் முகம் தெளிந்தது. "பரவாயில்லையே, அசல் ஆள் மாதிரியே மூச்சு விடுறாளே."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான், பட்டாணித் தோலோடு சேர்த்து.

நல்ல செய்திகளுக்கு அவன் மூச்சு வைக்கவில்லை.